ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு விடாத வெங்காயம்

அன்று நான் இரண்டு பேரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. மரகதம் அக்காவிடம், "அந்தப் பெட்டியை நீங்கள் தொட்டிருக்கவே கூடாது" என்று சொல்லவில்லை. ஜெனிபரிடம், "தொடச் சொன்னதே நான்தான்" என்று சொல்லவில்லை. மற்றபடி அன்றைக்கு நிறையவே பேசினேன். பேருந்து நேரம் கேட்டேன், ஆட்டோவுக்குப் பேரம் பேசினேன், மதியச் சோற்றுக்குப் போட்ட வெஞ்சனம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காகத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் களப்பணிக்குப் போக வழி கேட்டு இந்த இணையப் பக்கத்தில் சிலர் எழுதியிருந்தீர்கள். வழியும் செலவும் கீழே இருக்கின்றன. ஆனால் அந்தப் பயணத்தில் நடந்ததைச் சொல்லாமல் வழியை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நான் சமூகவியல் மூன்றாம் ஆண்டு. ஜெனிபர் பொறியியல் கடைசி ஆண்டு, வேறு கல்லூரி. பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்யலாம் என்று அவள்தான் தொடங்கினாள். தோட்டத்து ஓரத்தில் கல் அடுக்கி, அதன் மேல் கழிகளைப் பரப்பி, நெஞ்சு உயரத்துக்கு வெங்காயத்தைக் கொட்டி, தென்னங்கீற்றால் கூரை போட்டு, பக்கங்களில் சாக்குத் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான் பட்டறை. விலை வரும்வரை இரண்டு மூன்று மாதம் வெங்காயம் அதில் காத்திருக்கும். உள்ளே சூடும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று அளப்பது அவள் பங்கு. எப்போது சாக்கைத் தூக்குவது, எப்போது விற்பது என்பதையெல்லாம் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் பங்கு. ஜெனிபரின் துறையில் என் பங்கை "அந்தக் கேள்வித்தாள் வேலை" என்றார்கள். என் துறையில் அவள் பங்கை "அந்த மிஷின்" என்றார்கள். சமமாகத்தான் இருந்தோம்.

அந்த மிஷின் உண்மையில் ஒரு டிபன் பாக்ஸ். நீல நிறப் பிளாஸ்டிக் டப்பாவில் துளைகள் போட்டு, உள்ளே சென்சார், பேட்டரி, ஒரு மெமரி கார்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டையும் ஈரத்தையும் பதிந்துகொள்ளும். தை மாதம் ஒரு சனிக்கிழமை அதை மரகதம் அக்காவின் பட்டறைக்குள் கட்டிவிட்டு வந்தோம். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.) நாலாவது வாரம் ஜெனிபர் மட்டும் ஒரு மத்தியான வேளையில் போய்ப் பேட்டரி மாற்றி, கார்டை எடுத்துவந்தாள். பெட்டி கட்டிய இடத்திலேயே இருந்தது என்றாள்.

அந்தக் கார்டில்தான் அதிசயம் இருந்தது. தினமும் ராத்திரி ஏழு மணிக்குச் சூடு மெல்ல ஏறி, பத்து மணிக்கு மேல் இறங்கியது. வரைபடத்தில் அழகான ஒரு மேடு. வெங்காயம் உயிருள்ள பொருள், அதுவும் மூச்சு விடும், அப்போது சூடு வெளிவரும் என்று ஜெனிபர் நிறையப் படித்து, "இரவு நேர மூச்சு" என்று அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அவளுடைய வழிகாட்டி ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாலு ஞாயித்துக்கிழமையும் மேட்டையே காணோமேம்மா, அன்னைக்கு வெங்காயத்துக்கு லீவா?"

அடுத்த வியாழக்கிழமை வெளித்தேர்வாளர் முன்னால் அவள் பேச வேண்டும். அவளுடைய கடைசி ஆண்டு மதிப்பெண் அதில் இருந்தது. துறையிலிருந்து ஒரே ஒரு குழுவைச் சென்னையில் நடக்கும் மாணவர் ஆய்வுக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் தெரியாமல் மேடை ஏற முடியாது. அதனால் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, பெட்டி கட்டி நாற்பத்திரண்டாவது நாள், இருவரும் கிளம்பினோம்.

எனக்குச் சித்தையன்கோட்டை. காலை 8.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல் பேருந்து நிலையம். அங்கே ஜெனிபர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் மாற்று சென்சார், சாலிடரிங் கம்பி, இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பொட்டலம் மிக்சர்.

"சென்சார்தான் மக்கர் பண்ணுது. மாத்திட்டா முடிஞ்சிரும்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் மக்கர் பண்ற சென்சாரா? கோயிலுக்குப் போகுதோ?"

"ஏய், வாய மூடுறியா? வியாழக்கெழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் சுமார் 35 கிலோமீட்டர். பழனி போகும் எந்தப் பேருந்திலும் ஏறலாம். 9.35க்கு ஏறினோம், தலைக்கு 28 ரூபாய், 10.40க்கு இறங்கினோம். சன்னல் இருக்கை வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காருங்கள். வழியெல்லாம் மலை கூடவே வரும். ஒட்டன்சத்திரத்தில் இறங்கியதும் காய்கறிச் சந்தையைத் தாண்டித்தான் நாங்கள் போக வேண்டிய சாலை. கேரளாவுக்குப் போகும் லாரிகள் முருங்கைக் கட்டும் தக்காளிப் பெட்டியுமாக நிற்கும்போது அந்த அரைக் கிலோமீட்டரைக் கடக்க இருபது நிமிடம் ஆகலாம். எங்களுக்கு இருபத்தைந்து.

கிராமத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ் ஒரு நாளைக்கு மூன்றே நடை. காலை நடை போய்விட்டது. ஆட்டோக்காரர் 220 கேட்டார், 180க்கு வந்தார். ஜெனிபரின் பையிலிருந்து வயர் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏனுங், கரண்டு ஆபீசுங்களா?" என்றார்.

"இல்லண்ணே, காலேஜ். வெங்காயத்த ஆராய்ச்சி பண்றோம்."

"வெங்காயத்துல என்னங்க ஆராய்ச்சி? வெல வந்தா வித்தரோணும், இல்லீனா அழுவோணும். அவ்வளவுதானுங்க."

என் அறிக்கையின் மூன்று அத்தியாயங்களையும் அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். குறித்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 11.50. மரகதம் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "வாங்க கண்ணு, வாங்க. உங்க பொட்டி பத்தரமா இருக்குதுங்க" என்பதுதான் முதல் பேச்சு. பெட்டி இருந்த இடத்திலேயே, கட்டிய உயரத்திலேயே, ஒரு தூசு கூட இல்லாமல் இருந்தது. ஆறு வாரம் வெங்காயச் சருகுக்கு நடுவில் கிடந்த டப்பா எப்படி இப்படிப் பளபளக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஜெனிபர் மத்தியானம் முழுக்கப் பட்டறைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாள். பழைய சென்சாரையும் புதிய சென்சாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று மணி நேரம் ஒப்பிட்டாள். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின. சென்சாரில் எந்தக் கோளாறும் இல்லை. அவள் முகம் தொங்கிவிட்டது. இடையில் அக்கா சோறும் புளிக்குழம்பும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டார். நான் என் பங்குக்கு முப்பத்து நாலு கேள்விகளில் விட்டுப்போன ஆறைக் கேட்டு முடித்தேன். அவர் வீட்டுக்கார அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லப் பார்த்தார்.

"எப்ப விக்கறதுன்னு முடிவு பண்றது நானுங்க" என்றார்.

"ஆமாமா, முடிவு பண்றது அவருதான். எப்ப முடிவு பண்ணோணும்னு சொல்றது நானு" என்றார் அக்கா.

மாலை ஆறு மணி. கடைசி டவுன் பஸ் 6.50. நாங்கள் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். அக்கா பேசிக்கொண்டே பட்டறைக்குப் போனார், பெட்டியின் கட்டை அவிழ்த்தார், முந்தானையால் ஒரு துடை துடைத்தார், இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

ஜெனிபர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

நாங்களும் உள்ளே போனோம். டிவிக்குக் கீழே இருந்த பலகையில் ஒரு துண்டு மடித்து விரித்திருந்தது. இல்லை, பலகையில் இல்லை. செட்டாப் பாக்ஸ் மேல். அந்தத் துண்டின் மேல் பெட்டியை வைத்து, துண்டின் இரண்டு முனையையும் அதன் மேல் போர்த்திவிட்டார் அக்கா.

"ராத்திரி பனி எறங்குதுங்கல்ல. கரண்டுச் சாமான், நனைஞ்சா வீணாப் போயிரும். காத்தால வெயில் வந்தொடனே கொண்டுபோயிக் கட்டிப்போடுவேன். ஒரு நா தவறலீங்க."

"மழ வந்த அன்னைக்கு நான் நனைஞ்சுட்டு நிக்கறேன், இவ அந்தப் பொட்டியத் தூக்கிட்டு ஓடியாறாளுங்க" என்றார் அண்ணன் வாசலிலிருந்து.

ஜெனிபர் மெதுவாக, "இங்க... டிவி எப்பக்கா போடுவீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு நாடகத்துக்கு உக்காந்தா பத்து மணி ஆயிருமுங்க. ஞாயித்துக்கெழமதான் நாடகமில்ல."

நானும் ஜெனிபரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டோம்.

அப்போது அக்கா என்னிடம் திரும்பி, "நீங்கதானுங்களே போகயில, 'பத்திரமாப் பாத்துக்கங்கக்கா'ன்னு சொல்லிட்டுப் போனீங்க. சரியாத்தான பாத்துக்கிட்டேன்?" என்றார்.

சொல்லியிருந்தேன். தை மாதம், ஜெனிபர் ஆட்டோவில் ஏறிய பிறகு, கேட்டைச் சாத்தும்போது, எல்லோரும் சொல்வதுபோல. அந்தப் பெட்டி என்ன செய்கிறது, அது ஏன் ராத்திரியும் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை விளக்காமல். முப்பத்து நாலு கேள்வி நான் கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்க நேரம் வைக்கவில்லை. நல்லவேளை, அந்த நிமிடம் ஜெனிபர் செட்டாப் பாக்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தாள். இது அவள் காதில் விழவில்லை.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கக்கா" என்றேன்.

பிறகு, கிளம்பும் அவசரத்தில், பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லாமல்தான் கேட்டேன்: "எந்தெந்த நாள் எத்தன மணிக்கு எடுத்தீங்க, வச்சீங்கன்னு ஞாபகம் இருக்குமாக்கா?"

"ஞாபகம் எதுக்குங்க? அதான் நீங்க குடுத்த நோட்டுல எழுதியிருக்கேனே."

சாக்கைத் தூக்கும் நேரம், அழுகல் பொறுக்கிய நாள், இவற்றை எழுதச் சொல்லி நான் கொடுத்த நூறு பக்க நோட்டு. ஜெனிபர் அதை "உன் டைரி" என்று கிண்டல் செய்திருக்கிறாள். நான் அதை ஆறு வாரமாகத் திறந்து பார்க்கவில்லை; கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதில் நீல மையில், சாய்வான கையெழுத்தில், ஒவ்வொரு நாளும் இரண்டு வரி: "பொட்டி உள்ளே 6.10. பொட்டி வெளியே 6.40." மூன்று நாள் மட்டும் இல்லை. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாராம். அண்ணன் எடுத்து வைத்தார், எழுதவில்லை.

நோட்டைத் தரச் சொல்லிக் கேட்டோம். "பாதிதானுங்களே முடிஞ்சிருக்குது" என்று தரவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் 6.50 பஸ்ஸைப் பிடித்தோம்.

ஒட்டன்சத்திரம் வரும்வரை ஜெனிபர் போனில் நோட்டுப் படங்களையே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திண்டுக்கல் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பக்கம்டி. நாடகத்தப் பத்தி ரெண்டு பக்கம் ஆராய்ச்சி எழுதியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ரெட்டியார்சத்திரம் வரை சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். அம்புட்டு நாளும் போச்சே என்றாள். வெங்காயத்தை இன்னும் மூன்று வாரத்தில் விற்றுவிடுவார்கள், திரும்ப அளக்க நேரமில்லை என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரில சென்சார் வேல செய்யலன்னு ஒரே வரியில முடிச்சிரலாம். யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள். செத்த நேரம் கழித்து, "அவங்கள யாருடி எடுக்கச் சொன்னது?" என்றாள்.

நான் சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். இதுதான் நான் சொல்லாத இரண்டாவது விஷயம்.

வியாழக்கிழமை காலை 11.20க்கு அவள் மேடை ஏறினாள். வெளிக் கல்லூரிக் கூட்டாளி என்பதால் எனக்குக் கடைசி வரிசையில் இடம். முதல் படமாக அந்த மேட்டைப் போட்டாள். மேலே தமிழில் தலைப்பு: "இது வெங்காயம் அல்ல, தொலைக்காட்சித் தொடர்." அறை சிரித்து ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு, இரவுப் பதிவுகள் அனைத்தும் வீட்டுக்குள், டிவி ஓடும்போது சூடாகும் செட்டாப் பாக்ஸ் மேல் எடுக்கப்பட்டவை, அவற்றை நீக்கிவிட்டோம், தன் பழைய இரண்டு பக்க விளக்கம் தவறு என்றாள். எந்த நிமிடம் வரை பட்டறை, எந்த நிமிடம் முதல் வீடு என்று தெரிந்தது அந்த வீட்டுப் பெண் எழுதிவைத்த நோட்டால்தான் என்று சொல்லி, அந்தச் சாய்வான கையெழுத்தைத் திரை அளவுக்குக் காட்டினாள். முப்பத்தொன்பது நாள் பகல் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சின்ன முடிவும் இருந்தது: காலை பத்து மணிக்கு முன்னால் சாக்கைத் தூக்கிய நாட்களில் உள்ளே ஈரம் வேகமாக இறங்கியிருந்தது. சாக்குத் தூக்கிய நேரம் என் நோட்டு, ஈரம் அவள் பெட்டி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த முடிவு இல்லை.

பேருந்தில் யோசித்த அந்த ஒரு வரியை எழுதி அவள் தப்பித்திருக்கலாம்.

வெளித்தேர்வாளர், "பெட்டியை நகர்த்தக் கூடாது என்று அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். ஜெனிபர் தன் குறிப்புத் தாளைப் புரட்டினாள். நான் கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். "நான்தான் சார். நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டார்."

கேன்டீனில் ஜெனிபர் கேட்டாள்: "ஏன்டி பஸ்ல சொல்லல?"

"அடிப்பியோன்னு பயம்."

"அடிச்சிருப்பேன்தான்" என்று சொல்லிவிட்டு, என் வடையை எடுத்துத் தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் அதே வழியில், அதே 28 ரூபாயில், மறுபடி போனோம். இந்த முறை அக்காவை உட்காரவைத்து, மடிக்கணினியைத் திறந்து, மேட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையில் அந்த மேட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்கென்னங்க கஷ்டம்? சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே கொண்டுபோயிக் கட்டியிருப்பேன். ஒரு வாரம் போச்சுங்களே கண்ணு."

அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து ஏழு ராத்திரி பெட்டி மறுபடியும் செட்டாப் பாக்ஸ் மேல்தான் உறங்கியிருக்கிறது. சொல்லாமல் விட்டதை நான் நாகரிகம் என்று நினைத்தேன். கூட வேலை செய்கிற ஆளிடம் தப்பு நடந்ததைச் சொல்லாமல் மறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். சாக்கு முடிவையும் சொன்னோம். "பத்து மணிக்கு முன்னால தூக்கோணும். இதுக்குப் பொட்டி எதுக்குங்க, என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே" என்றார். "உங்களுக்கும் தெரியும், இப்ப பொட்டிக்கும் தெரியும்க்கா" என்றாள் ஜெனிபர். அது அக்காவுக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பக்கம் களப்பணிக்கு வருபவர்களுக்கு: சந்தை விடுமுறை நாளை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் நேரத்தை இறங்கியதும் அங்கேயே கேளுங்கள். இணையத்தில் இருப்பது பெரும்பாலும் பழையது. ஆட்டோவில் போனால் திரும்பி வர ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு, மிக்சர் சேர்க்காமல், தலைக்கு 146 ரூபாய் ஆனது. கருவி எதையாவது வைத்துவிட்டு வந்தால் ஒரு முறையாவது சாயங்காலம் ஆறு மணிவரை அங்கே இருங்கள். கொடுத்த நோட்டை வாராவாரம் திறந்து பாருங்கள். மதியச் சாப்பாடு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் சொல்லியிருந்தால் முன்னதாகவே கிளம்பியிருப்போம், இன்றைக்கும் வெங்காயம் ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடுவதில்லை என்றுதான் நம்பியிருப்போம்.

சென்னைக்கு வேறு குழு போனது. வெங்காயம் விற்கும்வரை பெட்டி ராத்திரியும் பட்டறையிலேயே இருந்தது. பதினோரு ராத்திரிப் பதிவு கிடைத்தது. ஏழு மணி மேடு எதிலும் இல்லை. நடுவில் ஒரு நாள் மழை பெய்திருக்கிறது. அன்றைய தேதியில் நோட்டில், "பொட்டிக்குக் குடை கட்டினது 7.25. அவுத்தது 5.50. நகத்தவில்லை" என்று எழுதியிருந்தது.